தட்டிக்கு அந்தப் பக்கம் கேட்ட இங்கிலீஷ்

இன்று காலை பள்ளிக்கூட வாசலில் ஆவாரம்பட்டை ஏற்றி வந்த வண்டி ஒன்று அச்சு முறிந்து சாய்ந்தது. மூட்டை பிரிந்து பட்டை முழுவதும் தெருவில் கொட்டிவிட்டது. தோல் பதனிடும் ஊரில் பிறந்த எனக்கு அந்த வாடை புதிதா என்ன? பாலாற்றுக் காற்று எந்நாளும் அதைத்தான் கொண்டு வருகிறது. ஆனால் இன்று மணி அடித்த பிறகும் நான் அங்கேயே நின்றேன். அப்படி ஒரு பட்டைத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நீ முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தாய்.

நீ கண்ணை மூடி, வருகிற ஆடியோடு ஒரு வருஷம் ஆகிறது. உன்னைப் பற்றி இந்த ஊரில் இன்னும் பேசுகிறார்கள். "பாவம், நல்ல வாத்தியார், வீண் பிடிவாதத்தால் கெட்டான்" என்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வரும்போது பழைய ஆசிரியர் ஒருவர் என்னிடமே அப்படிச் சொன்னார். நீ கெடவில்லை என்று நான் உரக்கச் சொன்னேன். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பதினாறு வருஷத்துக்கு முன்பு நான் சொல்லியிருக்க வேண்டியது அது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பெரிய சண்டை முடிந்து சிப்பாய்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த சமயம் நீ வந்தாய். நான் கணக்கு வாத்தியார், நீ இங்கிலீஷ் வாத்தியார். நம் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே சுவர் கிடையாது, மூங்கில் தட்டிதான். உனக்கு முன்பு இருந்தவர் பாடம் நடத்தியது எனக்கு மனப்பாடம். "கோ என்றால் போ, கம் என்றால் வா" என்று ஒரு ராகம் இழுப்பார், பிள்ளைகளும் இழுப்பார்கள். பாடப்புத்தகத்தில் பனி கொட்டும், ஓக் மரம் நிற்கும். பிள்ளைகள் பனியையும் பார்த்ததில்லை, ஓக் மரத்தையும் பார்த்ததில்லை. ஆனால் இரண்டுக்கும் தமிழில் அர்த்தம் ஒப்பிப்பார்கள். மூன்று வருஷம் படித்தவனிடம் உன் பெயர் என்ன என்று இங்கிலீஷில் கேட்டால் விழிப்பான்.

நீ புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மேஜை மேல் ஒரு வாளி, பட்டைத் துண்டு, காய்ந்த ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் துண்டுகள். கதவைத் திறந்துகொண்டே, "ஐ ஆம் ஓப்பனிங் த டோர்" என்றாய். மூடிக்கொண்டே, "ஐ ஆம் க்ளோசிங் த டோர்" என்றாய். ஒரு பையனை எழுப்பி, அவன் திறக்கும்போதே அவனைச் சொல்ல வைத்தாய். பிறகு அவன் திறக்க, வகுப்பு அவனைக் காட்டி, "ஹி ஈஸ் ஓப்பனிங் த டோர்" என்றது. ஒரு சொல்லுக்குக்கூட நீ தமிழில் அர்த்தம் சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் அந்தக் கதவு திறந்து மூடியது. நான் பின்னக் கணக்கை நிறுத்திவிட்டுத் தட்டி ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் என்னைப் பிடித்துக்கொண்டாய்.

"இன்னா பாய், கணக்கு வாத்தியாருக்கு ஓட்டைல இன்னா வேலை?"

"கதவு கீல் போய்டும்னு பாத்தேன்" என்றேன்.

"கீல் போனா மாத்திக்கலாம். பையனுக்கு வாய் வந்துச்சா இல்லையா, அத்த சொல்லு."

வந்தது. அதை நான் மறுக்க முடியாது. பிழையாகச் சொன்னவனை நீ அடிக்கவில்லை, "தப்பு" என்றுகூடச் சொல்லவில்லை. அவன் சொன்னதையே சரியாக ஒரு முறை சொல்லிக் காட்டிவிட்டு அடுத்தவனிடம் போவாய். கொஞ்சம் கழித்து மறுபடி அவனிடம் வருவாய், அதற்குள் அவன் திருத்தி வைத்திருப்பான். "அடி வாங்கனவன் நாக்கு உள்ளயே சுருண்டுக்கும் பாய்" என்பாய். கேள்வியைக் கடைசி பெஞ்சிலிருந்து தொடங்குவாய். முன் பெஞ்சுக்காரன் எப்படியும் கற்றுக்கொள்வான் என்பது உன் கட்சி.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு, உன்னைச் சிக்க வைத்ததும் அதுதான். நின்றுகொண்டே, "ஐ ஆம் சிட்டிங்" என்பாய். வகுப்பு ஒரு கணம் திகைக்கும். பிறகு கூரை அதிரும்: "நோ சார்! யூ ஆர் ஸ்டாண்டிங்!" வாளியைத் தூக்கிக் காட்டி, "திஸ் ஈஸ் எ ஹேட்" என்பாய். "நோ சார்! இட் ஈஸ் எ பக்கெட்!" வாத்தியாரைத் திருத்தும் ஆசையில் பிள்ளைகள் முழு வாக்கியம் பேசினார்கள். கேள்வி கேட்டால் ஒற்றைச் சொல்லோடு நிற்பவன்கூட, நீ பொய் சொன்னால் விடமாட்டான்.

ஹெட்மாஸ்டர் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"இன்னாய்யா இது? பசங்களுக்கு நோ சார் சொல்லக் கத்துக் குடுக்கறீரா?"

"தெரிஞ்சத தைரியமா சொல்லக் கத்துக் குடுக்கறேன் சார்."

"கமிட்டில இருக்கறவங்க எல்லாம் தோல் ஷாப்பு முதலாளிங்க. அவங்ககிட்ட வேலை செய்யறவன் பிள்ளைங்கதான் இங்க ஜாஸ்தி. யோசிச்சுக்கும்."

"எங்கப்பாவும் அந்த ஷாப்புல சுண்ணாம்புக் குழில நின்னவர்தான் சார். யோசிச்சுட்டுத்தான் செய்யறேன்."

மாதனூரிலிருந்து நடந்து வந்து, பதனிடும் தோலை முடி உதிர ஊறப்போடும் அந்தக் குழியில் இறங்கிய அப்பாவைப் பற்றி நீ எங்கும் ஒளித்ததில்லை. அந்த அறையில் அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தது. ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு இன்ஸ்பெக்டர் வந்த நாள். அவர் உன் மேஜையிலிருந்த தோலில் ஒன்றை எடுத்து, "திஸ் ஈஸ் எ கௌ ஹைட்" என்றார். ஆட்டுத்தோல் என்று தெரியாமல் மாட்டுத்தோல் என்றாரா, சோதித்தாரா, அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். கடைசி பெஞ்சிலிருந்து தோல் சீவுகிறவரின் மகன் எழுந்தான். "நோ சார். இட் ஈஸ் எ கோட் ஸ்கின்." அவ்வளவுதான், பழக்கப்பட்ட வகுப்பு, நாற்பது பேரும் சேர்ந்து கத்தினார்கள்: "இட் ஈஸ் எ கோட் ஸ்கின்!" எனக்குத் தட்டிக்கு இந்தப் பக்கம் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

அடக்கம் இல்லாத வகுப்பு என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனார். அவர் கேட்ட கேள்விகள் அத்தனைக்கும் பிள்ளைகள் இங்கிலீஷில் பதில் சொன்னார்கள் என்று அதில் ஒரு வரி இல்லை. மறுநாள் உன்னிடம் ஒரு மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். இனிமேல் புத்தகத்தைப் படித்து, தமிழில் அர்த்தம் சொல்லி மட்டுமே நடத்துவேன் என்று எழுத வேண்டும், அந்தப் பையன் வகுப்பு முன்னால் கை கட்டி மன்னிப்புக் கேட்க வேண்டும். "ஆட்டுத்தோல ஆட்டுத்தோல்னு சொன்னதுக்கு மன்னிப்பா? நான் எழுத மாட்டேன். அவனும் கேக்க மாட்டான்" என்றாய்.

அடுத்து எங்களிடம் ஒரு தாள் வந்தது. உன் வகுப்பின் கூச்சலால் மற்ற வகுப்புகள் கெடுகின்றன என்று ஆசிரியர்கள் எல்லாரும் எழுதிக் கொடுப்பதாக ஒரு தாள். பக்கத்து வகுப்பு என்னுடையது. என் கையெழுத்துதான் அவர்களுக்கு முக்கியம். அம்மா அப்போது படுத்த படுக்கை, இரண்டு தங்கைகள் வீட்டில். இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். பேனாவைக் கீழே வைக்கும்போது நீ வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

வேலை போய், வாளியைத் தூக்கிக்கொண்டு நீ கிளம்பிய அன்று என்னால் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீதான் கிட்டே வந்தாய்.

"பாய், வீட்ல அம்மாவுக்கு எப்டி கீது?"

அதை மட்டும்தான் கேட்டாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒரு மாதம் கழித்து ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், காலியாகக் கிடந்த பட்டைக் கிடங்கில் நீ வகுப்பு தொடங்கியதாகக் கேள்விப்பட்டேன். சங்கு ஊதி வேலை முடிந்ததும் தோல் ஷாப்பு ஆட்கள் நேராக அங்கே போனார்கள். பொழுது சாய்வதற்குள் ஒரு மணி நேரம் பாடம். முப்பது, நாற்பது வயது ஆண்கள். எட்டு நாள் அந்தக் கிடங்கைச் சுற்றிவிட்டுத் திரும்பினேன். ஒன்பதாம் நாள் உள்ளே போய்க் கடைசியில் உட்கார்ந்தேன். நீ பார்த்தாய். பாடத்தை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் என்னைக் காட்டி, "ஹி ஈஸ் மை எனிமி" என்றாய். ஆட்கள் என்னைப் பார்த்தார்கள், உன்னைப் பார்த்தார்கள். முதல் வரிசையிலிருந்த முனுசாமி, சுண்ணாம்புக் குழி ஆள், தயங்கித் தயங்கிச் சொன்னான்: "நோ சார். ஹி ஈஸ் யுவர் ஃப்ரெண்ட்." நீ தலையசைத்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுநாளிலிருந்து பலகை எழுதும் வேலை என்னுடையது.

அங்கே நீ ஓக் மரமும் நடத்தவில்லை, கதவும் நடத்தவில்லை. ஷாப்பில் தோலுக்குப் போடும் மருந்துப் பீப்பாய்களின் மேல் இருக்கும் எழுத்தை அப்படியே பார்த்து எழுதி வரச் சொல்வாய். அதுதான் அன்றைய பாடம். விஷம், தொடாதே, மூடி வை. ஒருவன் மேனேஜர், ஒருவன் கூலியாள் என்று பிரித்துப் பேச விடுவாய், பாதியில் மாற்றிவிடுவாய். கூலியாளாக இருந்தவன் மேனேஜராகி அதட்டும்போது கிடங்கே சிரிக்கும். சிரித்துக்கொண்டே அவர்கள் இரண்டு பக்கப் பேச்சையும் கற்றார்கள்.

அந்த மழைக்காலத்தில் முனுசாமியின் மச்சான் குழியில் வழுக்கி விழுந்து இரண்டு காலும் வெந்துபோனான். அடுத்த வாரம் ஷாப்பில் இங்கிலீஷில் அச்சடித்த தாளை நீட்டி எல்லாரையும் ரேகை வைக்கச் சொன்னார்கள். வேலைக்கு வந்த நாள் குறிக்கும் தாள் என்றார் குமாஸ்தா. இருபது பேர் வைத்துவிட்டார்கள். முனுசாமியின் முறை வந்தது. அவன் தாளைக் கையில் வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தான். பாதி புரியவில்லை. ஆனால் குழி, காயம், எங்கள் பொறுப்பு இல்லை என்ற மூன்றும் புரிந்தன. அங்கே நின்ற வெள்ளைக்கார மேனேஜரை நேராகப் பார்த்துச் சொன்னானாம்: "நோ சார். திஸ் ஈஸ் நாட் எ டே பேப்பர். ஐ வில் நாட் சைன்."

குமாஸ்தா அவனை வெளியே தள்ளினார். அவன் பின்னால் கிடங்கு வகுப்பு ஆட்கள் பதினோரு பேர் வெளியே வந்தார்கள். மறுநாள் ரேகை வைத்தவர்களும் வந்தார்கள். ஐந்தாம் நாள் அந்தத் தாள்களை மேனேஜரே கிழித்துப் போட்டார், முனுசாமி மறுபடி வேலைக்குப் போனான். அவன் மச்சானுக்குக் கால் திரும்பி வரவில்லை. உன்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். இன்னா சொல்லிக் குடுத்த என்று கேட்டதற்கு நீ, "எழுத்துக் கூட்டச் சொல்லிக் குடுத்தேன்" என்றாயாம்.

அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்கூடமும் உன்னைச் சேர்க்கவில்லை. பதினைந்து வருஷம் அந்தக் கிடங்குதான் உன் பள்ளிக்கூடம். கடைசி வருஷம் இருமல் உன்னைத் தின்றது. மாதனூர்க் கல்லறைத் தோட்டத்தில் உன்னை இறக்கியபோது ஷாப்பில் வேலை பாதி நின்றது. இதையா கெட்டுப்போவது என்கிறார்கள்?

கிடங்கு வகுப்பை இப்போது நான் நடத்துகிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கையும் உன் முறையில்தான் நடத்துகிறேன். அதை நிறுத்தும்படி புது ஹெட்மாஸ்டர் இரண்டு தடவை எழுதிக் கேட்டார், இரண்டு தடவையும் முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். உன்னிடமிருந்து எனக்கு மிகக் கஷ்டப்பட்டு வந்தது ஒன்று உண்டு. கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது. வாத்தியார்கள் யாராலும் அது முடியாது. கேட்ட மறு நொடியே பதிலையும் நாமே சொல்லிவிடுவோம். நீ சொல்ல மாட்டாய். அவன் உதடு அசையும் வரை அசைய மாட்டாய். "அந்த நேரம் அவனுது பாய், நாம திருடக் கூடாது" என்பாய்.

நேற்று சாயங்காலம் குப்பம்மாளிடம் கேள்வி கேட்டேன். நாற்பது வயது, ஆட்டுமுடி பிரிக்கும் வேலை, வகுப்புக்கு வந்த முதல் பெண். "வேர் டு யூ லிவ்?" அவள் தரையைப் பார்த்தாள். நான் காத்திருந்தேன். கிடங்கை இடிக்க நாள் குறித்திருக்கும் புது முதலாளியின் ஆள் அப்போது வாசலில் வந்து நின்றான்.

"பாய், இன்னாத்துக்கு சும்மா உக்காந்துகினு கீறீங்க? பேஜாரு பண்ணாதீங்க, காலி பண்ணுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் குப்பம்மாள் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"வெயிட். ஐ ஆம் திங்கிங்."

அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் நின்றான்.