சிலைக்குக் கொடுத்த அளவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று நீ சொல்வதை வைத்து நம்பிக்கொண்டிருக்கிறோம். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம். அவளுக்கு முட்டிவலி பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் ஒவ்வொரு படிக்கும் என்னைத் திட்டுகிறாள், மாடியில் வீடு பார்த்தது நான்தானாம். குளியலறைக் குழாய் நீ போன அன்று சொட்டியதுபோலவே இன்றும் சொட்டுகிறது.

எங்கள் கடை வாசலில் காலமான முதலாளி பெரியவருக்குச் சிலை வைத்துவிட்டார்கள். ஊசி முதல் கட்டில் வரை அடுத்த கடையைவிட ஒரு காசாவது குறைத்து விற்றே ஐந்து மாடி எழுப்பிய மனிதர், அவருக்கு இல்லாத சிலை யாருக்கு. சிற்பியிடம் முகத்துக்கு அவர் கடைசியாக எடுத்துக்கொண்ட போட்டோ இருந்தது, உடம்புக்குத்தான் ஒன்றும் இல்லை, மற்ற எல்லாப் படத்திலும் மனிதர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தே இருக்கிறார். சின்ன முதலாளிக்கு என் ஞாபகம் வந்து சிற்பியை மூன்றாம் மாடிக்கு, என் ஆல்டரேஷன் மேஜைக்கே அனுப்பிவிட்டார். நான் பழைய அளவு நோட்டை எடுத்து வாசித்தேன். மார்பு நாற்பத்திரண்டு, இடுப்பு நாற்பது, இடது தோள் அரை அங்குலம் இறக்கம், அது அவர் ஆரம்ப நாளில் துணி மூட்டை சுமந்த தோள். அந்த இறக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். ஒரு வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை, பேன்ட் நீளம் குறைக்க வந்தவர்களிடமெல்லாம் சிலை நான் கொடுத்த அளவு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் திறந்தார்கள். துணியை இழுத்ததும் எல்லோரும் கைதட்டினார்கள், அப்புறம் கைதட்டல் ஒரு மாதிரி தேய்ந்து நின்றது. ஒட்டிய கன்னம், எலும்பு தெரியும் கழுத்து, அதற்குக் கீழே வாட்டசாட்டமாக ஒரு உடம்பு. "கழுத்துக்கு மேல ஒருத்தர், கீழ இன்னொருத்தர்" என்று லிப்ட்காரர் சொன்னது என் காதில் விழுந்தது. நான் பெரியவரை அளந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. பிறகு அவர் வேறு இடத்தில் தைத்துக்கொண்டார், கடைசி இரண்டு வருஷம் படுத்த படுக்கை. இதெல்லாம் எனக்குத் தெரியாததா, இருந்தும் நோட்டைத் திறந்ததும் மறந்துவிட்டது, என் மனதில் அவர் அந்த நாற்பத்திரண்டிலேயே நின்றுகொண்டிருந்தார். முதலாளியம்மா நாற்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று போனேன். "ஒரு தடவை அளவு எடுத்து வச்சுக்கிட்டா போதுமா டெய்லரே, அப்பப்ப ஆளைப் பாக்க வேண்டாமா" என்று மெதுவாகத்தான் கேட்டார். தலையை மாற்றலாமா என்று சின்ன முதலாளி இழுத்தபோது, வேண்டாம், இந்த உடம்போடு இருந்த காலத்தில்தான் அவர் வீட்டுக்கு நேரத்தோடு வருவார் என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை யாரோ பீடத்தில் தள்ளுபடி போஸ்டரையும் ஒட்டிவிட்டார்கள், பெரியவர் இருந்தால் அதைத்தான் ரசித்திருப்பார்.

எனக்கு அந்த அம்மா கேட்டது முள்ளாகத் தைத்துவிட்டது. அதே நோட்டை வீட்டுக்கு எடுத்துவந்து உன் பக்கத்தைத் திருப்பினேன். நீ அந்தக் குளிர் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல்நாள் எடுத்தது, பெட்டி கட்ட நேரமாகிறது என்று நீ ஆடிக்கொண்டே நின்றாய், கை நீளத்தை மூன்று தடவை அளந்தேன். ஏழு வருஷமாக அந்த அளவில்தான் தைத்து அனுப்புகிறேன், நீயும் ஒவ்வொரு தடவையும் ரொம்பச் சரியாக இருக்கிறது அப்பா என்கிறாய். அளவே மாறாத பெண் என்று கடையில் பெருமை வேறு அடித்திருக்கிறேன். சென்ற மாதம் நீ அம்மாவுக்கு அனுப்பிய படத்தில் உன்னோடு தங்கியிருக்கும் பெண் பச்சைச் சட்டை போட்டிருக்கிறாளே, அது நான் உனக்குத் தைத்தது. அதே மாதிரி கடையில் வாங்கியிருப்பாள் என்றாள் அம்மா. பஸ் பாஸ் வைக்க வேண்டும் என்று நீ கேட்டு வாங்கும் இடது இடுப்புப் பை எந்தக் கடைச் சட்டையில் இருக்கிறது.

உனக்கு அளவு சேராமல் சட்டையை அவளுக்குக் கொடுத்ததற்காக எனக்கு வருத்தமில்லை, மகளே. எனக்கு மனசு கேட்காதது வேறு. நீ பெருத்துவிட்டாயா, இளைத்துவிட்டாயா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எல்லாப் படத்திலும் குளிருக்குப் போடும் அந்தத் தடிக் கோட்டுக்கு மேல் உன் முகம் மட்டும்தான் இருக்கிறது. முகத்தை வைத்துக்கொண்டு கீழே உள்ளதை நானே பழைய நோட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்கிறேன், சிற்பி செய்ததும் இதைத்தானே. மூன்று தடவை வருகிறேன் என்றாய், மூன்று தடவையும் லீவு இல்லை என்றாய், நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை சொல்கிறேன், உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்குச் சட்டை இறுக்கிப் பிடித்தால் பக்கத் தையலைப் பிரித்துக்கொள்ளச் சொல், உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டிருக்கிறேன். உன் புது அளவை எழுதி அனுப்பச் சொல்லுங்கள் என்கிறாள் அம்மா. அனுப்பாதே. நோட்டில் உன் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், நீ வந்து என் முன்னால் நில், நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காத்திருக்கும்
அப்பா