யானை ஓடவில்லை

மகன் ஸுஹைல்,

எழுப்பினால் திரும்பவும் சண்டைதான் வரும், அதனால் எழுதிவைக்கிறேன்.

"சத்தம் போட்டா யானை ஓடிரும் வாப்பா" என்று சொல்லித்தானே பைக்கில் அந்த அலறல் சைலன்சரைப் பூட்டினாய்? இன்று காலையில் வாய்க்கால் ரோட்டில் பைக்கை அலறவிட்டு வந்தாய். யானை ஓடவில்லை. வெருண்டுபோய் ரோட்டை மறித்து நின்றிருக்கிறது. உனக்குப் பின்னால் சைக்கிளில் வந்தவள் உன் பொஞ்சாதி நிஷ்மியா. சைக்கிளைப் போட்டுவிட்டு வயலால் ஓடித் தப்பியிருக்கிறாள். உன்னிடம் சொல்ல வேண்டாமாம். நான் சொல்லுவேன்.

அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடு. கேள்வி கேட்காதே.

சைக்கிளை எடுக்க நடந்து போகிறேன். பைக் சாவி என் மடியில். சைலன்சரை மாற்றுகிறேன் என்று நீ வாக்குக் கொடுத்தாலும் நம்பமாட்டேன்.

பழைய சைலன்சர் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடக்கிறது.

எனக்குச் சுணங்கி நேரமாகிவிட்டால் தேடி வா. நடந்தே வா.

வாப்பா