டிஸ்ட்ரிபியூட்டருக்குச் சந்தனப் பொட்டு

தென்காசி
ஐப்பசி, 1958

அன்பு மனைவி ஞானாம்பாளுக்கு,

மாயவரத்தில் மழை உண்டா? உன் இடுப்புவலி குறைந்ததா? அம்மாவைக் கேட்டதாகச் சொல். நான் சுகம்.

பழைய இரும்புக்காரனுக்குப் போடச் சொன்னாயே, எஸ்டேட் துரை விட்டுப்போன அந்த ரேஸ் கார், ஓடிவிட்டது! ஒரு நட்டைக் கழற்றினால் இரண்டு உடையும் வண்டியை நானே, தனியாக, ஓட வைத்துவிட்டேன்.

கடைசிவரை படுத்தியது. ஆயுத பூஜைக்கு மறுநாள் எல்லாவற்றையும் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால், எஞ்சின் இருமக்கூட இல்லை. கை ஓய்ந்துபோனது. பிரித்துப் பார்த்தால், பிளக்குகளுக்கு மின்சாரம் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சந்தனமும் குங்குமமும்! பூஜையில் அதைத் திறந்தபடி வைத்திருந்தேன். வீட்டுக்காரர் நாறும்பூநாதன் அண்ணாச்சியின் வேலை. கேட்டால், "வெளிய மட்டும் பொட்டு வச்சா போதுமா சார்? உள்ள இருக்கதும் ஆயுதந்தான?" என்கிறார்.

துடைத்து மாட்டினேன். ஒரே சுற்றில் உறுமியது. குற்றாலம்வரை ராஜா மாதிரி போனேன். கூரை இல்லாத வண்டி, மழையில் நனைந்தேன்; கவலைப்படாதே, தலையை நன்றாகத் துவட்டிவிட்டேன். அண்ணாச்சி பக்கத்தில் ஏறப் பார்த்தார். அந்த சீட்டு இன்னும் சரியாகவில்லை என்று பொய் சொல்லிவிட்டேன்.

தபால் எடுக்கும் நேரம், முடிக்கிறேன். வண்டி துடைக்க உன் பழைய நூல்சேலை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

உன்
வைத்தியநாதன்