நீலமாக ஒளிர்ந்த சட்டை

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம், கோபத்தில் பசி நன்றாகவே எடுக்கிறது.

இங்கே சுரங்கத்து இருட்டறையில், புற ஊதா விளக்கின் கீழ் ஒளிரும் கற்களைப் பொறுக்குவதுதான் என் வேலை. நேற்று வாசலில் மேஸ்திரி அதே விளக்கை என்மேல் அடித்தார். சட்டை நீலமாக ஒளிர்ந்தது.

“கல்தூளத் திருடிட்டுப் போறியாடா? நாளைலேர்ந்து வராதே!” என்று எல்லார் முன்னும் சட்டையைக் கழற்ற வைத்தார்.

“சலவைத் தூளுங்க. அதுல துவைச்ச வெள்ளைத் துணி எல்லாமே இப்படித்தான் மின்னும்” என்றேன். நம்பவில்லை. விளக்கைப் பிடுங்கி அவர் சட்டைமேலேயே அடித்தேன். முழுநிலாவாக ஜொலித்தார்.

“அண்ணே, மொத்தச் சுரங்கத்தையும் நீங்கதான் சுருட்டியிருக்கீங்க!” என்றது கூட்டம்.

வேலை போகாமல் தப்பியது, மன்னிப்பு வரவில்லை. கால்சைட் கல்கூட அந்த விளக்கில் வெட்கப்பட்டுச் சிவக்கிறது. அவர் சிவக்கவில்லை.

அப்பாவின் கறுப்புச் சட்டை இரண்டு அனுப்பு. சலவைத் தூள் போட்டுத் துவைத்துவிடாதே, அவர் போட்டுக் கழற்றியபடியே இருக்கட்டும். வேலைக்கு அழைத்துப் போக வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

உன் மகன்