பீடத்தருகே அவனும் மண்டியிட்டான்

நாளை நற்கருணை ஞாயிறு. கறுப்புத் திராட்சையைச் சர்க்கரை போட்டு அடுப்பில் வைத்திருக்கிறேன். வீடு முழுக்கப் புளிப்பும் இனிப்புமான வாசனை. சபையின் நற்கருணைக்குத் திராட்சரசம் காய்ச்சுவது எத்தனையோ வருஷமாக நம் இருவர் வேலை. நீ போய் ஒரு மாதம் ஆகிறது. தனியாகக் கிண்டுகையில் கை சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது.

பனவடலிசத்திரம் ரோட்டில் உன் மகனை வேனால் இடித்துவிட்டு நிறுத்தாமல் போனவன் நம் சபைக்காரன்தான், தேவராஜ். குடித்திருந்தான். பையனை உடனே தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த ஒரு சொல்தான் உன்னைத் தின்றது. சமாதானமாகப் போகிறோம் என்று ஒரு கையெழுத்துப் போடச் சொல்லி அவன் அம்மா வந்து அழுதபோது, நீயும் அழுதாய்; கையெழுத்து மட்டும் போடவில்லை. "எம்புள்ள ரோட்டுல கெடந்த நேரத்துக்கு அவன் பதில் சொல்லட்டும்" என்றாய்.

அவன் ஜெயிலுக்குப் போனான். தண்டனை முடிந்து வந்தான். கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். சில மாதம் கழித்து, நற்கருணை எடுக்கலாமா என்று போதகரிடம் கேட்டிருக்கிறான். கமிட்டி கூடியது. சிந்திய இரத்தத்துக்கு வேதம் பழி கேட்கிறது என்று நான் வாதாடினேன். அதே வேதம் எத்தனை முறையும் மன்னிக்கச் சொல்கிறதே என்றார் பொருளாளர். கடைசியில் உன்னையே கூப்பிட்டார்கள்.

"அவனை மன்னிச்சிட்டீங்களாம்மா?" என்றார் போதகர்.

"இல்லைய்யா" என்றாய் நீ. "காயீன் தம்பியக் கொன்னான். கர்த்தர் அவன வெரட்டிவிட்டாரு. ஆனா யாரும் அவனக் கொன்னுரக் கூடாதுன்னு ஒரு அடையாளமும் போட்டுத்தான் அனுப்புதாரு. ரெண்டும் ஒரே அதிகாரத்துலதான் இருக்கு. தெனமும் படிக்கேன், எனக்கு வெளங்கல. அவன் எடுத்துக்கிடட்டும். எம்பக்கத்துல மட்டும் வர வேண்டாம்."

வீட்டுக்குத் திரும்பும்போது நான் உன்மேல் கோபமாக வந்தேன். தெப்பக்குளம் தாண்டியதும் நீ நின்றாய். "ஏட்டி, அவன் உள்ள போகணும்னு நெனச்சேன், போனான். அதுக்குப் பொறவும் நானே அவனுக்குக் காவல் நிக்கணுமா? என்னால முடியல."

அதன்பின் மாதாமாதம் பீடத்தின் இந்த ஓரத்தில் நீ, அந்த ஓரத்தில் அவன். ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பெண்கள் கூட்டத்தில் உன்னை மன்னிப்புக்குச் சாட்சியாகப் பேசச் சொன்னார்கள். "பொய் சொல்லத் தெரியாது" என்று மறுத்துவிட்டாய்.

உன் அடக்கத்தன்று அவன் கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே நின்றான். எல்லாரும் கலைந்த பிறகு என்னிடம் வந்தான். தலைமுடி பாதி நரைத்திருந்தது.

"அக்கா, ஒரு பிடி மண்ணு போட்டுக்கிடட்டா?"

கேட்க நீ இல்லை. இத்தனை வருஷமும் அவன் முகத்தைப் பார்க்காமலே இருந்தவள் நான். சுற்றிலும் பார்த்தேன், எனக்காகப் பதில் சொல்ல யாரும் இல்லை.

"கால்மாட்டுல போடு" என்றேன்.

போட்டான். கையைக்கூடத் தட்டாமல் போனான்.

நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. மன்னித்துவிட்டாயா என்று யாராவது என்னைக் கேட்டால், உன்னைப் போலவே நானும் "இல்லை" என்றுதான் சொல்வேன். ஆனால் அவனை வாசலில் நிறுத்திவைக்க எனக்கும் இனித் தெம்பில்லை.