பதிவேட்டில் அத்தான் பெயர்

ஆகஸ்ட் 5

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் இருவரும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து, நீ வேலையிலும் சேர்ந்துவிட்டாய் என்று உன் மாமியார் சொன்னார். சந்தோஷம். அக்கா ஏன் போனே எடுப்பதில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். வீட்டில் இருந்த இரண்டு போனையும் போலீஸ் எடுத்துப் போய்விட்டது. அதனால்தான் கடிதம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீயும் அத்தானும் மாதாமாதம் லிப்ட் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஐந்து மாடிக் கட்டிடத்தில், போன செவ்வாய்க்கிழமை, மூன்றாம் மாடியில் லிப்ட் வராமலே கதவு திறந்துகொண்டது. அங்கே டியூஷன் எடுக்கும் டீச்சர் போனைப் பார்த்துக்கொண்டே காலை உள்ளே வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மறுநாள் அத்தானைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

என்ன கேஸ் என்று ஸ்டேஷனில் கேட்டால், போட்டாகிவிட்டது, வக்கீலை வைத்துக் கேளுங்கள் என்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வக்கீல் நம் வீட்டுப் பத்திரம் எழுதியவர். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, கிரிமினல் கேஸ் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை என்று சொல்லிவிட்டார். அத்தானுக்கு மடியில் கனமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை. நீ நாலு பேரிடம் விசாரித்து எழுது.

அன்புடன்,
அக்கா

ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். எனக்குப் பூட்டில் ஸ்க்ரூ பிடிக்கக் கற்றுக்கொடுத்த மனுஷன் லாக்கப்பில் உட்கார்ந்திருக்கிறார், நான் இங்கே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ தெருவில் போர்டு மாட்டியிருக்கிற வக்கீல் யாரிடமும் போகாதே. என் முதலாளிக்குத் தெரிந்த பெரிய வக்கீல் ஒருவர் தலைநகரத்தில் இருக்கிறார். அவர் பெயரைக் கேட்டாலே நீதிபதி நிமிர்ந்து உட்காருவாராம். அவரிடம் பேசிவிட்டேன், செலவு என்னுடையது. அவர் சொல்கிறபடி கேட்டால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போய்விடும்.

அத்தான் ஸ்டேஷனில் என்ன சொன்னார்? மாதாமாதம் லிப்டைப் பார்த்ததும் எழுதுகிற சோதனைப் பதிவேட்டைக் காட்டிக் கேட்டார்களா? தெரிந்தால் எழுது. குட்டியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்ளாதே.

உன் தம்பி

ஆகஸ்ட் 28

அன்புள்ள தம்பிக்கு,

அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபப்படு.

உன் பெரிய வக்கீலைப் பார்க்க நாலு மணி நேரம் பஸ்ஸில் போனேன். அவரைப் பார்க்கவில்லை. அவருடைய ஜூனியர் பையன் ஏழு நிமிடம் பேசினான். குற்றத்தை ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு முடித்துவிடலாம், இல்லையென்றால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்றான். என்ன குற்றம் என்று கேட்டேன். ஃபைல் இன்னும் வரவில்லை என்றான். ஃபைலே பார்க்காமல் ஒத்துக்கொள்ளச் சொல்கிற வக்கீலுக்கு நான் என்ன பதில் சொல்வது? ஜாமீனுக்கும் அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்றுதான் இழுத்தார்கள்.

இருபத்தைந்தாவது நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு வக்கீலம்மா இருக்கிறார். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு அறை முழுக்கத் தேடுகிறவர். ஆனால் தினமும் அதே கோர்ட்டில்தான் நிற்கிறார், எந்த மனு எந்த மேஜையில் தூங்குகிறது என்று அவருக்குத் தெரிகிறது. மூன்றே நாளில் ஜாமீன்.

குற்றச்சாட்டு இரண்டு என்று அவர்தான் விளக்கினார். ஒன்று, கவனக்குறைவால் ஓர் உயிர் போகக் காரணமானது. இன்னொன்று, பார்க்காமலே பார்த்ததாகப் பதிவேட்டில் பொய்யாக எழுதியது. "கேஸ் போட்டுட்டாங்கன்னா குத்தம் பண்ணிட்டாருன்னு அர்த்தமில்லம்மா. அவங்க பக்கத்தச் சொல்லியிருக்காங்க. நாம இன்னும் வாயே தொறக்கல" என்றார். இந்த ஒரு மாதத்தில் அன்றுதான் மனுஷர்களிடம் பேசிய மாதிரி இருந்தது.

நீ கேட்டாயே, பதிவேட்டைக் காட்டினார்களாம். தன் கையெழுத்துதான் என்று சொல்லிவிட்டாராம். இப்போது வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

அக்கா

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெராக்ஸ் கடை வக்கீல் ஜாமீன் வாங்கலாம், கேஸ் நடத்த முடியுமா? அவசரப்பட்டுவிட்டாய். அத்தானே தன் கையெழுத்து என்று ஒத்துக்கொண்ட பிறகு வாதாட என்ன இருக்கிறது? போன உயிர் திரும்பி வரப்போவதில்லை. ஒத்துக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கச் சொல். லைசென்ஸ் போனால் போகட்டும், அத்தானுக்கு வேறு வேலையா கிடைக்காது?

இவளுக்கு ஐந்தாம் மாதம். வாந்தி இன்னும் நிற்கவில்லை. ஆபீசில் என்னை நிரந்தரம் செய்கிற பேச்சு நடக்கிறது. இந்த நேரத்தில் என்னால் வர முடியாது என்று உனக்கே தெரியும். கோபித்துக்கொள்ளாதே.

உன் தம்பி

டிசம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று மாதமாக எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. வாய்தா. பதினோரு மணிக்கு வரச்சொல்வார்கள், நாலு மணிக்குப் பெயரைக் கூப்பிட்டு வேறு தேதி சொல்வார்கள். அத்தானை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். நான் பள்ளிக்கூட ஆபீசில் எடுக்காத லீவே பாக்கி இல்லை.

போன வாரம் குற்றப்பத்திரிகை நகல் கிடைத்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். வக்கீலம்மா எங்களுக்குப் படித்துக் காட்டவில்லை. எங்களை உட்காரவைத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். யார் வந்தாலும் அப்படித்தான் செய்வாராம். "உங்க வீட்டுக் கத இது. எங்க தப்பா இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். அத்தான் படிக்க மாட்டேன் என்றார். நான் படித்தேன்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் பதிவேட்டின் நகல். ஜூலை 8, செவ்வாய், காலை பதினோரு மணி. மூன்றாம் மாடிக் கதவுப் பூட்டு சரியாக இருக்கிறது. பொறுப்பு மெக்கானிக் என்ற இடத்தில் அத்தான் கையெழுத்து. நான் அங்கேயே நிறுத்திவிட்டேன். அன்று காலை பத்தரையிலிருந்து ஒரு மணி வரை அத்தான் என் பக்கத்தில் பல் டாக்டரிடம் உட்கார்ந்திருந்தார், தம்பி. கடைவாய்ப் பல் பிடுங்கிய நாள். வேலைக்கு உன்னை அனுப்பிவிட்டு வந்ததாக அவர் வீங்கிய வாயோடு சொன்னது என் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். லைசென்ஸ் இருப்பவர்தான் கையெழுத்துப் போட வேண்டுமாமே. நீ தனியாகப் போன நாளெல்லாம் நீயே அவர் கையெழுத்தைப் போட்டுவிடுவாயாம். கம்பெனியில் எல்லாரும் அப்படித்தானாம். வக்கீலம்மாவிடம் சொல்வோம் என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பேரு என் பேரு. போடச் சொன்னதும் நான்தான். அவனுக்குப் பொழப்பு இப்பத்தான் தொடங்குது. அவன் பேர நீ எடுக்கக் கூடாது."

ஒத்துக்கொள், ஒத்துக்கொள் என்று நீ ஏன் எழுதினாய் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அன்று நீ மூன்றாம் மாடிக்குப் போனாயா இல்லையா? அக்காவிடம் மட்டும் சொல்.

அக்கா

டிசம்பர் 20

அக்கா,

படித்ததும் கிழித்துவிடு.

போகவில்லை. அன்று விசாவுக்கு மெடிக்கல் இருந்தது, பதினொன்றரைக்கு அங்கே இருக்க வேண்டும். அத்தானிடம் சொன்னால் வேறு நாள் வைத்துக்கொள் என்பார். கட்டிடத்துக்குப் போனேன், மோட்டார் அறையை மட்டும் பார்த்தேன். மற்றதுக்கெல்லாம் டிக் அடித்து அவர் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். மூன்றாம் மாடிப் பூட்டு தேய்ந்திருக்கிறது, அடுத்த தடவை மாற்ற வேண்டும் என்று அத்தான் ஜூன் மாதமே சொல்லியிருந்தார். மறந்துவிட்டது.

அந்த டீச்சரை எனக்குத் தெரியும். ஒருமுறை வேலையாக இருந்தபோது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்குத் தூக்கமே வருவதில்லை. ஆனால் நான் வந்தால் இங்கே எல்லாம் போய்விடும். பிரசவத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அத்தானுக்கே சம்மதம் என்றால் நீ ஏன் கிளறுகிறாய்? உன் காலில் விழுகிறேன்.

தம்பி

ஜனவரி 6

தம்பி,

கிழிக்கவில்லை.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த டீச்சரின் தம்பி வருகிறான். உன் வயதுதான் இருக்கும். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். நேற்று நானும் அவனும் தண்ணீர்க் குழாயருகே நின்றோம். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். "யாருக்கு என்ன தண்டனைன்னு எனக்கு வேண்டாங்க. அன்னிக்கி அந்தக் கதவ யாராவது தொட்டுப் பாத்தாங்களா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சா போதும்" என்றான். எனக்குப் பதில் தெரியும். தெரிந்தும் டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

குழந்தை பிறக்கட்டும். தாயும் பிள்ளையும் தேறட்டும். அதற்குப் பிறகு நீயாக வந்து சொல். எங்கள் தரப்புச் சாட்சிக்கு இன்னும் ஏழெட்டு மாதம் ஆகும் என்று வக்கீலம்மா சொல்கிறார். அதுவரை நான் வாயைத் திறக்க மாட்டேன். அதற்குமேல் என்னால் முடியாது.

அக்கா

அக்டோபர் 17

அன்புள்ள தம்பிக்கு,

பெண் குழந்தை என்று உன் மாமியார் சொல்லித்தான் தெரிந்தது. நல்லாயிருக்கட்டும். ஜனவரிக்குப் பிறகு நான் போட்ட மூன்று கடிதத்துக்கும் நீ பதில் எழுதவில்லை. இதையும் படிக்காமல் வைத்துவிடாதே.

ஆகஸ்டில் நான் கூண்டில் ஏறினேன். பல் டாக்டர் சீட்டைக் கொடுத்தேன். உன் டிசம்பர் கடிதத்தையும் கொடுத்தேன், அதைச் சான்றாக எடுத்துக்கொண்டு இப்போது ஓர் எண் போட்டிருக்கிறார்கள். இது யார் கையெழுத்து, எப்படித் தெரியும் என்று அரசு வக்கீல் கேட்டார். "என் கூடப் பொறந்த தம்பி. அவனுக்கு எழுதச் சொல்லிக் குடுத்ததே நான்தான்" என்றேன். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். கடைசி பெஞ்சில் அந்தப் பையன் எழுந்து வெளியே போய்விட்டான்.

நேற்று தீர்ப்பு. முதல் குற்றச்சாட்டிலிருந்து அத்தானை விடுவித்துவிட்டார்கள். தன் கையெழுத்தை இன்னொருவர் போட விட்டது தப்பு என்று இரண்டாவதற்கு அபராதம், ஆறு மாதம் லைசென்ஸ் நிறுத்தம். அது நியாயம்தான், அத்தானே அப்படித்தான் சொல்கிறார். ஆனால் என்னோடு பேச்சு வார்த்தை இல்லை. காலையில் மட்டும், "அந்தக் கொழந்த மொகத்த நாம எப்படிப் போய்ப் பாக்கறது" என்றார். ஜெயித்துவிட்டோம் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத அசதிதான் இருக்கிறது.

உன்மேல் தனியாக வழக்குப் பதியச் சொல்லி உத்தரவாகியிருக்கிறது. அங்கே எத்தனை நாள் ஒளிவாய்? நீயாக வந்து நின்றால் அதைக் கோர்ட் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்கிறார்கள். உனக்கும் வாதாட நிற்பீர்களா என்று வக்கீலம்மாவைக் கேட்டேன். எங்களுக்கு நின்ற அவரே உனக்கும் நிற்கக் கூடாதாம். அதே தெருவில் தையல் கடை மாடியில் இருக்கிற ஒருவரைச் சொன்னார். இன்று மத்தியானம் போய்ப் பார்த்தேன். நிதானமான மனுஷர், எதையும் இரண்டு தடவை கேட்டுக்கொள்கிறார். உனக்காக நிற்கச் சம்மதித்திருக்கிறார். விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, உனக்கு எதிரான முக்கியமான சாட்சி யார் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

அக்கா