ஆற்றுக்கு நடுவில் நம் வீடு

அன்பு மகன் மாக்ஸிக்கு, அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், சியாட்டிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை நம் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நான், உங்கப்பா, பக்கத்து வீட்டு ஒலிங்கா, பாதிரியார், நகரத்திலிருந்து வந்த நில அளவைக்காரர், ஆக ஐந்து பேர், நாயைச் சேர்க்கவில்லை.

குஸ்கோக்விம் ஆறு நம் கரையைத் தின்று எதிர்க்கரையில் மணலைத் துப்புவது உனக்குத் தெரியும். பனி உடைந்து போனதும் வருஷா வருஷம் வாசற்படியிலிருந்து கரை விளிம்புவரை நடந்து நோட்டில் எழுதுகிறேன். கல்யாணமாகி வந்தபோது தொண்ணூற்றிரண்டு காலடி, போன வருஷம் பதினேழு. உங்கப்பா கோழி நடை நடந்து இருபத்தாறு என்றார். புனித நிக்கோலாவிடம் ஒன்பது வருஷமாக முழந்தாளிட்டு முறையிடுகிறேன், அவர் படகுக்காரர்களின் காவலர், ஆற்றின் கட்சி என்றுதான் தோன்றுகிறது, இதைப் பாதிரியாரிடம் சொல்லிவிடாதே.

அளவைக்காரர் படத்தை விரித்தால் நம் வீடு இருக்கும் இடம் ஆற்றுக்கு நடுவில் வருகிறது. ஒலிங்கா உங்கப்பாவைக் காட்டி, "இனிமே வாசிலிக்குப் படகே வேணாம், ஜன்னல்ல வலையைக் கட்டினாப் போதும்" என்றாள். அது எழுபது வருஷத்துப் பழைய படமாம், அப்போது ஆறு இங்கேதான் ஓடியதாம். உங்கப்பா விருந்தாளி மனசு நோகக்கூடாது என்று நோன்பு நாளில், பாதிரியார் கண் முன்னாலேயே, அவர் கொண்டுவந்த இறைச்சி சாசேஜைத் தின்றுகொண்டிருந்தவர் மெல்லுவதை நிறுத்தினார். "அப்ப அது அதோட வீட்டுக்குத் திரும்பி வருது. நாமதான் நடுவுல வந்து குந்திக்கிட்டோம்" என்றார். என் நோட்டு முப்பது வருஷமாகச் சொன்னதைக் கேட்காத மனிதர், அன்றைக்கே வீட்டை நகர்த்த ஒத்துக்கொண்டார்.

வீட்டை அப்படியே மரச்சறுக்குமேல் ஏற்றி, பின்னாலுள்ள ஓடையைத் தாண்டி மேட்டுக்கு இழுக்க வேண்டும். ஓடை உறைந்திருக்கும்வரைதான் முடியும், இன்னும் மூன்று வாரம். மேட்டில் காலியாக இருப்பது கோயிலுக்குப் பின்னால் உனக்கென்று அப்பா நாலு மூலையில் கம்பு நட்ட இடம் ஒன்றுதான். அதைச் சொன்னதும், "அது பயலோடது, வந்து வீடு கட்டுவான், அதுல கை வெக்காத" என்று எழுந்து போய்விட்டார். பதினோரு வருஷமாக வந்துகொண்டே இருக்கிறாய் மாக்ஸி. கம்பு அழுகி இரண்டு முறை மாற்றினார், அதுவும் நோட்டில் இருக்கிறது. உன்னைக் கேட்கவும் விடமாட்டார், பனியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போயிருக்கிறார், அந்த நேரத்தில் எழுதுகிறேன்.

வருவதானால் இந்த மாதமே வந்து நில், இடத்தைப் பாதியாக்கிக்கொள்வோம். வரவில்லையென்றால் எனக்குக் கோபமில்லை, ஆனால் இடத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லி அவர் பெயருக்கு ஒரு வரி எழுது, என் பெயருக்கு வந்தால் நானே எழுதிக்கொண்டதாகச் சொல்வார். நோன்பை விடாதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. கன்னித்தாய் உன்னைக் காக்கட்டும். ஓடை இளகுவதற்குள் தெரிய வேண்டும், சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா,
அகாஃபியா